வைத்தியம் இலவசம், வழிச்செலவு?

வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். மலையடிவார ஊர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. ஆனாலும் மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண், 'வலிக்கலையே, இலவங்காய் சீசன் முடியட்டும்' என்று தள்ளிப்போடுகிறார். வலிக்காத கட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுவதும், புகையிலை போடுகிறவர் வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணும் அப்படித்தான்.

முப்பது வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்கிறார்கள். கர்ப்பப்பை வாய்க்கு நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை.

சந்தேகம் என்றால் அடுத்தது சதை டெஸ்ட். அதன் ரிப்போர்ட்டை மட்டுமல்ல, மெழுகில் பதித்த சதைத் துண்டையும் கண்ணாடிச் சில்லையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு ஊருக்குப் போனால் மறுபடி ஊசி குத்த வேண்டியிராது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு உண்டு. வருடத்துக்கு 5 லட்சம் வரை செலவை ஏற்கும். சிக்கல் அதற்குக் காட்ட வேண்டிய ரேஷன் கார்டில்தான். கட்டிக்கொடுத்த மகளின் பெயர் புகுந்த வீட்டுக் கார்டில் ஏறாமலே கிடக்கும். படுக்கையில் விழுந்தபிறகு அலைவார்கள். வருமானச் சான்றையும் பெயர்ச் சேர்ப்பையும் இப்போதே முடித்துவிடுங்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை, அனுமதி வந்த சிகிச்சைக்கே மேற்கொண்டு பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993-இல் புகார் சொல்லலாம். ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

ஆனால் என் கணக்கில் ஏழை நோயாளியைச் சாய்ப்பது ஆஸ்பத்திரி பில் இல்லை, பஸ்ஸும் போன கூலியும்தான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பாலரெங்காபுரத்து அரசுப் புற்றுநோய் மையத்துக்கோ எழுதிக் கொடுத்தால், 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வாரத்துக்கு ஐந்து நாள், பல நேரம் ஐந்து ஆறு வாரம் போக வேண்டும். கூடவே ஒரு ஆள். இரண்டு பேர் கூலியும் போச்சு. பத்து நாளில் உடம்பு தேவலை என்று தோன்றியதும் நின்றுவிடுகிறார்கள். பாதியில் விட்ட கதிர்வீச்சு, குணமாகும் வாய்ப்பையே குறைத்துவிடும். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லி, வார்டில் தங்க இடம் கேளுங்கள்.

ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்று வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு எழுதினால், தேனியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரான சிறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும், புற்றுநோயால் வேலைக்குப் போக முடியாத காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெரிய தொகையில்லை, பஸ் செலவுக்காவது ஆகும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். எங்காவது இழுத்தடித்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம்.

'முற்றிப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டாலும் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. 'மார்ஃபின்' என்ற வலி மாத்திரை அதற்குத்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் தேவையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் நோயாளியின் பெயரைப் பதிந்து வையுங்கள்; ஆள் வரவில்லை என்றால் 104-ஐக் கூப்பிடுங்கள்.