மேலொட்டியும் ஒட்டுண்ணியும்

கோடையில் ஒன்ராறியோ வாவிக் கரைப் பாறைகளில் படரும் பாசியை, பிறம்ரனில் என் நண்பர்கள் வெறும் அழுக்கு என்பார்கள். அது கிளடோபோரா என்னும் பச்சை இழை அல்கா. முதிர்ந்த இழைகள் கபில நிறமாவதைக் கண்டிருக்கிறேன். அது நோயல்ல. இழைகளின்மேல் தயற்றங்கள் குடியேறியதன் அடையாளம். தயற்றங்கள் சிலிக்கா ஓடுடைய ஒருகல அல்காக்கள். தனித்தனியே பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும்.

பல அல்காக்களை வழுவழுப்பான சளிப்படை மூடியிருக்கும். கிளடோபோராவில் அது இல்லாததால் பற்றிக்கொள்வது எளிது. கொக்கோனீஸ் என்ற தயற்றம் இழையோடு தட்டையாக ஒட்டிக் கிடக்கும். கொம்போனீமா காம்புவிட்டு எழுந்து நிற்கும்.

இவற்றைப் பலர் ஒட்டுண்ணி என்று எழுதிவிடுகிறார்கள். ஒட்டுண்ணி விருந்துவழங்கியின் உணவை உறிஞ்சும். தயற்றங்களோ ஒளித்தொகுப்பால் தம் உணவைத் தாமே ஆக்குகின்றன. இழையிடம் பெறுவது முக்கியமாக வெளிச்சத்தில் ஓர் இருப்பிடம். எனவே மேலொட்டி என்பதே சரியான சொல்.

அதற்காக இழைக்குத் தொல்லையே இல்லை என்று சொல்லமுடியாது. கூட்டம் பெருகினால் ஒளி மறையும், அலையில் பாரமும் கூடும். அப்போது தயற்றங்களை மேயவரும் நத்தைகளும் பூச்சிக் குடம்பிகளும் இழையைத் துப்புரவாக்கி உதவுகின்றன.

ஒட்டியிருப்பதெல்லாம் உறிஞ்சுவதில்லை. குடியேறிகளான நாம் இச்சொற்களைக் கவனத்தோடு கையாளவேண்டும்.