கொலை வழக்கில் மேல்முறையீடு: ஒரு விளக்கம்

தோற்றுவாய்

சில ஆண்டுகளுக்கு முன், நம் துறையில் பயின்று சென்ற மாணவர் ஒருவர் தம் தாயாருடன் நம்மைக் காண வந்தார். அவருடைய தமையனுக்குக் கொலை வழக்கொன்றில் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்திருந்தது. தீர்ப்பு வெளிவந்து 43 நாள்கள் கழிந்திருந்தன. "கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு இனி யாரிடம் போய் முறையிடுவது, ஐயா?" என்று அந்தத் தாயார் கேட்டார். நாம் சட்டம் பயின்றவரல்லோம். எனினும், படித்த குடும்பங்களிலும் இவ்வினாவுக்கு விடை தெரியாதிருத்தலைக் கண்டமையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இலக்கியம் காட்டும் பாடம்

தமிழ் பயில்வோர்க்கு இப்பொருள் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனின் சொல்லை மட்டுமே நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான். குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து வினவினானல்லன். பின்னர்க் கண்ணகி அவை புகுந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைந்த சிலம்பில் மாணிக்கம். சான்று ஐயத்திற்கு இடமின்றி இருந்தது. ஆயின், அச்சான்று அவையேறிய வேளையில் கோவலன் உயிரோடு இல்லை. தீர்ப்புக்கும் தண்டனை நிறைவேற்றத்துக்கும் இடையே மறு ஆய்வுக்கு ஒரு வாயில் வேண்டும் என்பதே அக்காதை நமக்கு உணர்த்தும் பாடமாகும். அவ்வாயிலையே இன்றைய சட்டம் மேல்முறையீடு என்கிறது.

சட்டம் கூறும் வழி

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் 374ஆம் பிரிவு புதியதில் 415ஆம் பிரிவாயிற்று. எண் மாறினும் உரிமை மாறவில்லை. செஷன்ஸ் நீதிமன்றம் கொலைக்குற்றத்தில் தண்டித்தால் உயர்நீதிமன்றத்தில் முறையிடுவது தண்டிக்கப்பட்டவரின் உரிமை; அது எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று.

இதற்கான கால வரையறையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆயுள் தண்டனையாயின் 60 நாள்கள். மரண தண்டனையாயின் 30 நாள்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். மரண தண்டனையைப் பொறுத்தவரை மற்றுமொரு காப்பு உண்டு. குற்றவாளி முறையிடாவிடினும், உயர்நீதிமன்றம் உறுதி செய்யாமல் அத்தண்டனையை நிறைவேற்ற இயலாது.

பொருள் வசதி இன்மை இவ்வுரிமைக்குத் தடையாகாது. தீர்ப்பின் நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாக அளித்தல் வேண்டும். சிறையிலிருப்பவர் தம் முறையீட்டைச் சிறை அலுவலர் வழியாகவே அனுப்பலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ளோர் வழக்கறிஞரின் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். முறையீடு நிலுவையில் இருக்கையில் தண்டனையை நிறுத்தி வைத்துப் பிணையில் விடுமாறும் வேண்டலாம். கொலை வழக்கில் அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்பளித்த பின்னரே நீதிமன்றம் அதனை முடிவு செய்யும்.

உயர்நீதிமன்றம் எதனை ஆராயும்?

மேல்முறையீடு மறு விசாரணையன்று. சாட்சிகள் பொதுவாக மீண்டும் கூண்டேறுவதில்லை. கீழ்நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம் முழுவதையும் நீதிபதிகள் புதிதாக எடைபோடுவர். சாட்சிகள் முன்னுக்குப்பின் முரண்பட்டனரா, மருத்துவச் சான்று அவர்தம் கூற்றோடு பொருந்துகிறதா என்று நோக்குவர். நேர்ச்சாட்சி இல்லாத வழக்கில், சூழ்நிலைச் சான்றுகள் கண்ணி அறாத சங்கிலிபோல் குற்றவாளியையன்றி வேறெவரையும் சுட்டாதிருத்தல் வேண்டும். சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984இல் உச்சநீதிமன்றம் இந்நெறியை ஐந்து கூறுகளாக வகுத்துரைத்தது.

ஆய்ந்த பின்னர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்யலாம், விடுதலை செய்யலாம், மறு விசாரணைக்கு ஆணையிடலாம், கொலையாகாத மரணம் விளைத்தல் என்று குற்றத்தைக் குறைக்கவும் செய்யலாம். தண்டிக்கப்பட்டவர் தொடுத்த முறையீட்டில் மட்டும் தண்டனையைக் கூட்டுதல் ஆகாது. ஆகவே, முறையிட்டால் தண்டனை மிகுமோ என்று அஞ்சித் தயங்குதல் வேண்டா. அங்கும் தோற்பின், அரசியலமைப்பின் 136ஆம் உறுப்பின்படி உச்சநீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி வேண்டலாம்.

பாகவதர் வழக்கு

தமிழகம் மறவாத சான்றொன்று உண்டு. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவை ஏற்று இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் தோற்றது. அந்நாளில் உச்சநீதிமன்றம் இல்லை. இலண்டன் பிரிவி கவுன்சிலே இறுதி மன்றம். அது முறையீட்டை மீண்டும் ஆராயுமாறு திருப்பியனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், சகாபுதீன் ஆகியோர் முன்னிலையில் வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதிட்டார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

இருவர் வாழ்விலும் ஏறத்தாழ 30 மாதங்கள் சிறையில் கழிந்திருந்தன. பாகவதரின் திரைவாழ்வு பழைய உயரத்தை மீண்டும் எட்டவில்லை. எனினும் அவர்கள் உயிரோடு வெளிவந்தனர். கோவலனுக்கு இல்லாத வாயில் அவர்களுக்குத் திறந்திருந்தது.

நிறைவாக

மேல்முறையீடு என்பது கொலையாளியைத் தப்புவிக்கும் சூழ்ச்சி எனக் கருதுவோர் உளர். மாண்டவரின் குடும்பத்துக் கண்ணீரை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் குற்றமற்றவன் சிறையிலிருக்க, கொன்றவன் வெளியே உலவுவானாயின் அக்குடும்பத்துக்கும் நீதி கிட்டாது. தீர்ப்பை மறுபடி ஆராய்தல் இரு வீட்டாருக்கும் செய்யும் கடமையே.

அன்று அந்தத் தாயாரிடம், "இன்னும் 17 நாள் இருக்கிறது, அம்மா" என்றோம். இலவசச் சட்ட உதவியால் வரையறைக்குள் மனு தாக்கலாயிற்று. முடிவை உரைப்பது நீதிமன்றத்தின் பணி. நாள் கடவாமல் வழிகாட்டுதல் கற்றோரின் பணி. நம் மாணவர்கள் இவ்விரு எண்களையேனும், அறுபதையும் முப்பதையும், நினைவில் இருத்துவராக.