முக்குகிறதா, அடக்குகிறதா?

பொத்துவிலிலிருந்து மொனறாகலை வீதியால் 15 கிலோமீற்றர் அளவில் போனால் லகுகலை. வரட்சி மாதங்களில் குளத்துப் புல்லைத் தேடி யானைகள் இறங்கும். வீதியோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். யானைக் கூட்டத்தில் ஒன்று வாலைச் சற்றுத் தூக்கும். தேங்காய் தேங்காயாக விழும். கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இதை நேரம் பார்த்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பற்றீசியா யாங்கும் டேவிட் ஹூவும் தங்கள் குழுவினருடன் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. 4 கிலோ விலங்கானாலும் 4000 கிலோ விலங்கானாலும் மலம் கழிக்க எடுப்பது சராசரியாக 12 வினாடிதான். ஏழு வினாடி முன்பின் இருக்கலாம். பற்பசையைப் பிதுக்குவதுபோல் உடம்பு மலத்தைப் பிதுக்குவதில்லை. குடலின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அதன்மேல், நனைந்த சறுக்குமரத்தில் பிள்ளை வழுக்கி வருவதைப்போல, மலம் முழுசாக வழுக்கி வருகிறது. யானையின் குடல் நீளம். அதற்கேற்பச் சளியும் தடிப்பு. கணக்குச் சரியாகிவிடுகிறது.

அந்தப் 12 வினாடி வேலைக்குப் பொத்துவில் வீடொன்றில் இரண்டு வயதுப் பிள்ளை அரை மணித்தியாலமாகக் கதவுத் திரைக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது. தொடைகள் பின்னிக் கிடக்கின்றன. குதிகால் தரையில் படவில்லை. முகம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை முத்து.

“பாவம், புள்ள முக்கிட்டு நிக்கிறான்,” என்கிறார் உம்மா.

“மூணு நாளா வெளிக்கிப் போகல்லயே. வெத்திலைக் காம்பொண்டு எடு மகள்,” என்கிறார் உம்மம்மா.

இருவர் சொல்வதும் அன்பில்தான். ஆனால் பிள்ளையின் குதிகாலைப் பாருங்கள். முக்குகிறவர் குந்துவார், முன்னால் வளைவார், முழங்காலை மடிப்பார். இந்தப் பிள்ளையோ விறைத்து நிற்கிறது, நுனிக்காலில் எழும்புகிறது, பின்புறத்தை இறுக்குகிறது. இது முக்கல் இல்லை. வருவதை வரவிடாமல் தன் முழுப் பலத்தையும் போட்டு அடக்குகிறது.

நடப்பது முக்கலா அடக்கலா என்று தெரிந்துவிட்டால், வீட்டில் செய்யும் வைத்தியம் முழுவதும் மாறிவிடும்.

இதை விளங்கிக்கொள்ள, குடலின் கடைசி இரண்டு அங்குலத்தைப் பார்க்கவேண்டும். அங்கே இரண்டு கதவுகள். உட்கதவு நம் சொல்லைக் கேட்காது. மலக்குடல் நிறைந்தால் தானாகவே நெகிழும். வெளிக்கதவு நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட தசை. உட்கதவு நாள் முழுக்க அவ்வப்போது ஒரு கணம் நெகிழ்ந்து, உள்ளே இருப்பதில் துளியளவை அங்குள்ள நுண்ணுணர்வுத் தோலில் படவிடுகிறது. வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று அந்தத் தோல் பிரித்தறிந்து மூளைக்குச் சொல்கிறது. விரல் நுனிக்கும் இலகுவில் கைவராத வேலை அது. அந்தச் செய்தி கிடைத்த பிறகே வெளிக்கதவைத் திறப்பதா பூட்டுவதா என்று நாம் தீர்மானிக்கிறோம்.

பிறந்த குழந்தைக்கு இந்தத் தீர்மானம் தெரியாது. ஒரு மாதக் குழந்தை பத்து நிமிடம், இருபது நிமிடம் முகம் சிவக்க அழுது முக்கும்; வீடே கூடிவிடும். கடைசியில் வருவது பார்த்தால் களிபோல் இளக்கமானது. இது மலச்சிக்கல் அல்ல. வயிற்றை அழுத்துவதும் வெளிக்கதவைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். குழந்தை அழுத்தப் பழகிவிட்டது, தளர்த்த இன்னும் பழகவில்லை. சாவியைத் திருப்பாமல் கதவைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அழுகை வலியால் அல்ல, வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்றுவதற்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அழுகை. ஒன்பது மாதத்துக்குள், பெரும்பாலும் அதற்கும் வெகு முன்னரே, தானாகப் பழகிவிடும்.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைத்தால் உடனே போகிறதே என்று கேட்கலாம். போகும். காம்பு பட்டதும் உட்கதவு அனிச்சையாக நெகிழ்கிறது. ஆனால் நாளும் காம்பு வைத்தால் குழந்தை தானாகத் தளர்த்தப் பழகுவது தள்ளிப்போகும். மென்மையான தோல் கிழிபடவும் கூடும். சவர்க்காரத் துண்டு வைப்பது அதைவிடக் கெடுதி, புண்ணாக்கும்.

இன்னொரு குழப்பம் நாள் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை போகலாம். இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஒரு கிழமைக்கு ஒருமுறை மட்டும் போகலாம். வயிறு மெத்தென்று இருந்து, குழந்தை நன்றாகக் குடித்து, நிறை ஏறி, போகும்போது இளக்கமாகவும் போனால் இரண்டுமே நலம்தான். கிளினிக் கொப்பியின் நிறைக்கோட்டைப் பாருங்கள். கலண்டரைப் பார்க்கத் தேவையில்லை.

தாய்ப்பால் மலத்தை இளக்கமாக வைத்திருப்பதற்குப் பின்னால் ஒரு புதிர் உண்டு. அதில் லீற்றருக்கு 5 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி தாய்ப்பாலில் அதிகம் உள்ள திடப்பொருள் அதுதான். ஆனால் குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. தன் உடம்பைக் கரைத்துப் பால் ஆக்கும் தாய், பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் இவ்வளவு சேர்க்கிறாள்?

அந்தச் சாப்பாடு பிள்ளைக்கு உரியதல்ல. பிள்ளையின் பெருங்குடலில் குடியேறும் பிஃபிடோ பக்ரீரியாவுக்கு உரியது. லகுகலை யானைக்கன்று தாயின் சாணத்தைத் தின்று தனக்கு வேண்டிய நுண்ணுயிர்களை வாங்கிக்கொள்கிறது. மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்றுவிடுகிறது. பால் அவற்றுக்குத் தீன் போடுகிறது. அவை அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கின்றன, குடலுக்குள் நீர் தங்குகிறது, மலம் இளகுகிறது.

இதே தந்திரம் மருந்துக் குப்பிக்குள்ளும் இருக்கிறது. 1930இல் மொன்ற்கொமெரி, ஹட்சன் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் பால்சர்க்கரையை மாற்றிப் புதிய சர்க்கரை ஒன்றைச் செய்தார்கள். அதன் பெயர் லக்டுலோஸ். மனிதக் குடலில் அதை உடைக்கும் நொதியம் இல்லை. 1957இல் ஒஸ்திரியாவின் பிரீட்ரிக் பெட்யூலி, இது புட்டிப்பால் குழந்தையின் குடலிலும் பிஃபிடோ பக்ரீரியாவைப் பெருக்குகிறது என்று காட்டினார். இன்று மலச்சிக்கலுக்கு வைத்தியர் எழுதித்தரும் இனிப்புப் பாணி அதுதான். செரிக்காத சர்க்கரை என்ற தாயின் உத்தியை வேதியியல் வேறு வழியால் வந்து தொட்டிருக்கிறது.

புட்டிப்பாலில் நடப்பது நேர்மாறு. தாய்ப்பால் கொழுப்பிலும் பாமிற்றிக் அமிலம் உண்டு, பாம் எண்ணெய் சேர்ந்த பால்மாவிலும் உண்டு. ஆனால் கொழுப்பு மூலக்கூற்றில் அது உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. தாய்ப்பாலில் பெரும்பாலும் நடுவில், பால்மாவில் ஓரத்தில். செரிமானம் ஓரத்தில் இருப்பதை வெட்டி விடுகிறது. விடுபட்ட அமிலம் பாலில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்தால் உண்டாவது, சொன்னால் நம்பமாட்டீர்கள், சவர்க்காரம். கரையாத கல்சியச் சவர்க்காரம். புட்டிப்பால் குழந்தையின் மலம் இறுகுவதற்கு அது ஒரு காரணம். பால்மாவைக் கூடுதலாகப் போட்டுத் தடிப்பாகக் கரைப்பதும் கூடாது. பேணியில் எழுதியுள்ள அளவுதான் அளவு.

ஆறு மாதம் நிறைந்து சோறு தொடங்கும்போது முதலாவது சோதனை வருகிறது. வெறும் சோறும் கஞ்சியுமாக நிற்காமல், பருப்பு, பாசிப்பயறு, பூசணி, கீரை என்று மசித்துச் சேர்க்கவேண்டும். பப்பாசியும் மாம்பழமும் நம் வளவிலேயே உண்டு. ஆறு மாதத்துக்கு முன் மட்டும் எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம்; தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடித்தால் சோற்றுக்குப் பசி இருக்காது. பாலில் நார் இல்லை, இரும்புச்சத்தும் மிகக் குறைவு.

தேன் பற்றி ஒரு சொல். பிறந்த குழந்தையின் வாயில் இனிப்புத் தொடும் தஹ்னீக்குக்குப் பேரீச்சம்பழத்தை மென்மையாக்கித் தொட்டு வைப்பது வழமை. சில வீடுகளில் காட்டுத்தேனும் தொடுவார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம். தேனில் பொற்றுலினம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் முளைக்காத அவை கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். இந்நோயை 1976இல் கலிபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

இனித் திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையிடம் வருவோம். என்றோ ஒருநாள் மலம் இறுகியிருக்கும்: காய்ச்சலுக்குப் பிறகோ, சாப்பாடு மாறியபோதோ. போகும்போது தோல் சற்றுக் கிழிந்து வலித்திருக்கும். இரண்டு வயதுக்கு அந்த ஒரு பாடம் போதும். அடுத்த முறை உந்தல் வரும்போது கதவை இறுக்கிப் பூட்டுகிறது. உந்தல் சில நிமிடங்களில் அடங்கிவிடும். வென்றுவிட்டதாகப் பிள்ளை நினைக்கிறது. உள்ளே பெருங்குடல் தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கிறது. அதன் தொழில் நீரை உறிஞ்சுவது. வழுக்கவைக்கும் சளியும் வற்றுகிறது. மூன்றாம் நாள் வருவது முன்னையதைவிடப் பருமன், முன்னையதைவிட வலி. பயம் சரிதான் என்று பிள்ளைக்கு அத்தாட்சி கிடைத்துவிடுகிறது.

இப்படி மாதங்கள் போனால் மலக்குடல் விரிந்து உணர்வு மங்கும். கட்டி மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து காற்சட்டையை நனைக்கும். வீட்டார் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள், அல்லது பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது என்று அடிப்பார்கள். பிள்ளைக்கோ அது கசிவதே தெரியாது.

குடலுக்கும் பயத்துக்கும் உள்ள தொடுப்பை நம் நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். ஷாமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள், நெதர்லாந்தின் மார்க் பெனிங்காவோடு சேர்ந்து 10 முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2012இல் அச்சானது. நூற்றுக்கு 15.4 பேருக்கு மலச்சிக்கல். யுத்தம் தொட்ட பிரதேசப் பிள்ளைகளிடம் அது இன்னும் கூட. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட பொத்துவில் கரைக்கு அந்த வரியைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

ஆகவே வைத்தியத்தின் குறி மலம் மட்டுமல்ல, பயமும்தான். ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறுவர் குடல்நோய் வைத்தியர் சங்கங்கள் 2014இல் சேர்ந்து எழுதிய வழிகாட்டல் சொல்வது இது: வழமையான அளவு நாரும் நீரும் போதும், அதற்கு மேல் திணிப்பதால் நோய் தீரும் என்பதற்குச் சான்று இல்லை. தேவைப்படுவது மலத்தை இளக்கி வைக்கும் மருந்து. முதல் தெரிவு பொலிஎதிலீன் கிளைக்கோல், இல்லாவிட்டால் லக்டுலோஸ். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, தொல்லை எல்லாம் நின்று ஒரு மாதம் ஆன பின்னரே மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். அளவை வைத்தியர்தான் சொல்லவேண்டும். “இரண்டு நாள் போனான், மருந்தை நிற்பாட்டிவிட்டோம்” என்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. மருந்து இளக்குவது இரண்டு நாளில் முடியும். வலிக்காது என்று பிள்ளை நம்புவதற்கு மாதங்கள் வேண்டும்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அது பிறவி அனிச்சை. எனவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் உட்காரவைப்பது இயற்கையோடு ஒத்துப்போகும். மலக்குடலைச் சுற்றி வார்போல ஒரு தசை அதை முன்னால் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தும்போது வார் தளர்ந்து வழி நேராகும். கொமட்டில் காலைத் தொங்கப்போட்டிருக்கும் பிள்ளைக்கு வார் தளராது. காலுக்குக் கீழே ஒரு சின்ன மணையை வையுங்கள். வலி இருக்கும் மட்டும் கழிப்பறைப் பழக்கத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பம்பர்ஸில் போனாலும் போகட்டும். ஏசாதீர்கள்.

சில சமயம் விஷயம் பயத்தில் இல்லை, நரம்பில் இருக்கும். கருவின் நான்காம் கிழமையளவில் கழுத்தருகிலிருந்து புறப்படும் நரம்புக் கலங்கள் குடல் வழியே கீழ்நோக்கி நடந்து, ஏழாம் கிழமையளவில் கடைசி முனையை அடைகின்றன. ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த நடை பாதியில் நின்றுவிடுகிறது. நரம்பு போய்ச் சேராத துண்டு தளரவே தளராது. 1886இல் டென்மார்க் வைத்தியர் ஹரல்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் விவரித்த நோய் அது, சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் கறுப்பு மலம் போகாவிட்டால், முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கினால், வயிறு ஊதினால், பச்சையாக வாந்தி எடுத்தால், நிறை ஏறாவிட்டால் காம்பையும் எண்ணெயையும் தேடவேண்டாம். நேரே ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்.

நல்ல காலமாக, திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குப் பயம் போகவேண்டும். அது போனதை அறிய வைத்தியர் வேண்டாம். பிள்ளை ஒளிப்பதை விட்டுவிடும். ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, குதிகால் இரண்டும் தரையில் படிய, “உம்மா, வெளிக்கி வருது” என்று சொல்லும்.