ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர்?

பொன்னேரி அடிவாரத்தில் தொடங்கும் ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த வளைவுகளில் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, க்விட் என்று சின்ன பெட்ரோல் கார்கள் வரிசை கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்க் குடும்பங்களுக்கு இது அரைநாள் பயணம். அவற்றில் ஒன்றிரண்டு ஆவி கிளம்ப, பானட்டைத் திறந்தபடி ஓரங்கட்டி நிற்கும். "சின்ன இன்ஜின், மலை தாங்கலை" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கடந்து போவார்கள்.

அந்த இன்ஜின் மேல் சுமத்தப்படுவது வீண்பழி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின், கார்புரேட்டரிலிருந்து எம்பிஎஃப்ஐ எனும் எரிபொருள் பீச்சும் முறைக்கு மாறியதைத் தவிர பெரிய மாற்றமில்லாமல் 2014 தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் அது ஏறாத மலைகளா? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவின் 999 சிசி இன்ஜினும், பிறகு வந்த மாருதியின் 998 சிசி கே-சீரிஸ் இன்ஜினும் அதே வகை உழைப்பாளிகள்தான். ஒழுங்காக ஆயில் மாற்றிய கார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்றால் எந்த மெக்கானிக்கும் வியப்படைய மாட்டார். இந்த இன்ஜின்களைக் கொல்வது சூடு. தோல் பதனிடும் இந்த வட்டாரத்தில் அந்தச் சூடு பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

முதலில் மலை கேட்கும் வேலையைக் கணக்கிடுவோம். நான்கு பேர் ஏறிய சின்ன கார் சுமார் 1,100 கிலோ. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். அதற்கு மட்டும் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகிறது. அந்த லிட்டரில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பாதி சைலன்சர் வழியே போக, மறு பாதியை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். வளைவுகளில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று ஏது? எல்லாம் ஃபேன் பொறுப்பு.

இங்கேதான் ரேடியேட்டர் மூடி வருகிறது. இரண்டு விரலில் அடங்கும் இந்தச் சாமானை யாரும் மதிப்பதில்லை. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். உள்ளே எவ்வளவு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்பதற்கான எண் அது. குக்கரில் விசில் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. அந்த அழுத்தத்தில், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் அடி ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. ஏலகிரி உயரமான 1,100 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான சின்ன கார்களில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதும் ஏறத்தாழ அதே சூட்டில்தான். பழைய மூடியும் வெறும் தண்ணீருமாக மலையேறும் கார், ஃபேன் சுற்றும் முன்பே கொதிநிலையைத் தொட்டுவிடலாம். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாததால் பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலை வந்து சேர்கிறது.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதி பாறை நிலம். போர் தண்ணீர் இயல்பிலேயே கடினமானது. அதன் மேல் பாலாற்றங்கரைத் தோல் தொழில் சேர்த்த உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பில் போட்டு வைப்பார்கள், பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவார்கள். பல பத்தாண்டுகளாக நிலத்தில் இறங்கிய கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த மண்ணின் தண்ணீருக்கும் பங்குண்டு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரை நாம் குடிப்பதில்லை. காருக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றுகிறோம்.

அந்தத் தண்ணீர் உள்ளே இரண்டு வேலை பார்க்கிறது. சுண்ணாம்புச் சத்து, இன்ஜினில் எங்கே சூடு அதிகமோ அங்கே, எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. உலோகத்தின் சூடு தண்ணீருக்குப் போக விடாமல் அந்தப் பொருக்கு தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, அலுமினியத்தின் மேலிருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்து உலோகத்தை அரிக்கிறது. கழற்றிப் போட்ட சிலிண்டர் ஹெட் ஒன்றை லேத் பட்டறையில் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் ஓடும் துவாரங்களின் விளிம்பு எறும்பு அரித்த மாதிரி குழிகுழியாக இருக்கும், கேஸ்கெட் உட்கார வேண்டிய இடமே கரைந்து போயிருக்கும். அதற்கு மேல் ஃபேஸிங் போட்டுத் தேய்த்தாலும் அந்த ஹெட் நெடுநாள் தாங்காது.

கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. கொதிநிலையை உயர்த்தும் கிளைக்காலோடு அரிப்புத் தடுப்பு மருந்தும் அதில் உண்டு. அந்த மருந்து சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நிறம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். எனவே கையேடு சொல்லும் கெடுவில் முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். நேரடியாக ஊற்றும் கலவை வாங்கினால் குழப்பமே இல்லை. அடர் கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். நடுவழியில் அவசரமென்றால் கேன் தண்ணீர் பரவாயில்லை. போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். வேறு வழியே இல்லாமல் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

பட்டறைகளில் நடக்கும் ஒரு பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. கார் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. சூடு குறைந்த மாதிரிதான் தெரியும். ஆனால் இன்ஜின் உரிய வெப்பத்தை அடையாது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் கசடு சேரும். நோய் ரேடியேட்டரில் இருக்க, மருந்தை வேறெங்கோ தடவுகிறோம்.

ஓட்டும் விதத்திலும் ஒரு தவறான பயம் இருக்கிறது. இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமினால் கெட்டுவிடும் என்று நினைத்து, மூன்றாவதில் திணறத் திணற ஏற்றுகிறார்கள். பல கார்களில் வாட்டர் பம்ப் இன்ஜின் சுற்றோடு சேர்ந்தே சுற்றுகிறது. சுற்று குறைந்தால் கூலன்ட் ஓட்டமும் குறையும். 2,500, 3,000 சுற்றில் இரண்டாவது கியர்தான் இன்ஜினுக்கு இதம். இறங்கும்போதும் அதே கியர். பிரேக் சூடாகாது, கால் எடுத்த நிலையில் எம்பிஎஃப்ஐ இன்ஜின் பெட்ரோலையும் நிறுத்திவிடும்.

இப்போது பல சின்ன கார்களில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். எரிந்தால் உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள். "வளைவு இரண்டுதானே, மேலே போய்ப் பார்க்கலாம்" என்று போனால் ஹெட் வளைந்துவிடும். கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், விளக்கு எரியாமலும் போகலாம். எனவே கூலன்ட்டின் இனிப்பான வாடை வந்தாலே நிறுத்திப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள், பீறிடும் நீராவி முகத்தை வேக வைத்துவிடும்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக: வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து கடைவீதி என்று இரண்டு மூன்று கிலோமீட்டரே ஓடும் காரில், இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். அத்தகைய கார் 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் ஆயில் மாற்ற வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கும் இதே பாடம்தான். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்புவதைவிட, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே துருநிறச் சேறோ வெள்ளைப் பொருக்கோ தெரிகிறதா, ஸ்டார்ட் செய்ததும் குமிழி விடாமல் வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பசை, குறைந்த தூரம் ஓடிய காரில் ஈரத்தாலும் வரலாம். குமிழியும் பசையும் சேர்ந்தே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.