க்யூஆர் கோடு: கட்டத்துக்குள் இத்தனை கில்லாடித்தனமா?

டீக்கடை கல்லா முதல் கல்யாணப் பத்திரிகை வரை எங்கே பார்த்தாலும் க்யூஆர் கோடு! சொந்தமாக ஒன்றை உருவாக்கப் பைசா செலவில்லை, லாகின் இல்லை. ஏன், நெட்கூட வேண்டாம்! தெரியுமா?

● க்யூஆர் கோடு பிறந்தது கார் உதிரிபாகங்களுக்காக! 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா குழுவினர் இதை உருவாக்கினார்கள். பொறி தட்டிய இடம்? கறுப்பு வெள்ளைக் காய்கள் வைத்து ஆடும் ‘கோ’ விளையாட்டு! காப்புரிமை கையில் இருந்தும் பயன்படுத்துவோரிடம் காசு கேட்கவில்லை. இன்று ஆளாளுக்கு இலவசமாக உருவாக்க முடிவது அதனால்தான்!

● மூன்று மூலைகளில் மூன்று சதுரங்கள் எதற்கு? அவற்றின் நடுவே குறுக்காக அளந்தால் கறுப்பு, வெள்ளை விகிதம் 1:1:3:1:1. நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என அச்சடித்ததையெல்லாம் அலசி, மிக அரிதாகத் தென்பட்ட விகிதத்தைப் பிடித்தார்கள்! கேமரா ‘இதுதான் கோடு’ என்று சட்டென அடையாளம் காண்பது இப்படித்தான்.

● மிகச் சிறிய க்யூஆர் கோடில் 21×21 கட்டங்கள். மிகப் பெரியதில்? 177×177, அதாவது 31,329 கட்டங்கள்! எண்கள் மட்டும் என்றால் 7,089 இலக்கங்கள் அடங்கும்!

● கிழிந்தாலும் வேலை செய்யுமா? உச்சபட்சப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தால், சுமார் 30 சதவிகிதத் தகவல் சிதைந்தாலும் மீட்டுவிடும்! நடுவில் லோகோ ஒட்டுவது இந்தத் தைரியத்தில்தான். மூலைச் சதுரத்தில் கை வைத்தால் மட்டும் அம்பேல்!

● ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட். பாதுகாப்பைக் குறைந்தபட்சத்தில் வைத்தால், மிகச் சிறிய கோடில் கச்சிதமாக உட்காரும்! ‘வணக்கம்’ 21 பைட். உட்காராது, அடுத்த சைஸுக்குத் தாவியாக வேண்டும்!

● இணையதளத்தின் பெயரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். ஓர் எழுத்துக்கு 8 பிட்டுக்குப் பதில் 5.5 பிட் போதும், கட்டங்கள் குறையலாம்!

● பிரவுசரில் இயங்கும் இலவசக் கருவிகள் பல, கோடை உங்கள் போனுக்குள்ளேயே வரைந்துவிடுகின்றன! 8 விதமான கறுப்பு வெள்ளை அமைப்புகளைப் போட்டுப் பார்த்து, மார்க் போட்டு, தெளிவானதைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில்! சோதிக்க வேண்டுமா? பக்கம் திறந்ததும் ஃபிளைட் மோடு போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். பிறகு தட்டச்சு செய்யுங்கள். கோடு வந்துவிட்டதா? சர்வர் துணையில்லாமலே தயார்! டவுன்லோடு செய்து, டேபை மூடிவிட்டு நெட்டை ஆன் செய்யுங்கள்.

● வைஃபை க்யூஆர் கோடுக்குள் உங்கள் பாஸ்வேர்டு பூட்டுப் போடாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது! ஸ்கேன் செய்யும் எவரும் படிக்கலாம். அதை முன்பின் தெரியாத சர்வரிடம் கொடுத்து வரையச் சொல்வானேன்?

● க்யூஆர் கோடுக்குக் காலாவதித் தேதியே கிடையாது! அப்படியானால் சில கோடுகள் ‘காலாவதி’ என்பது ஏன்? அவற்றுக்குள் இருப்பது உங்கள் முகவரி அல்ல. நடுவில் நிற்கும் ஒரு தளத்தின் குட்டி லிங்க்! யார், எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்று அந்தத் தளம் கணக்கெடுக்கலாம். சந்தா முடிந்தால் வாசலையும் சாத்தலாம்! ஆயிரம் பத்திரிகை அச்சடிக்கும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். லிங்கைத் திறக்கும் முன்பே திரையில் தெரிவது நீங்கள் கொடுத்த முகவரிதானா? ஆம் என்றால் தாராளமாக அச்சுக்கு அனுப்புங்கள்!