குறைபட்ட பதிவில் வானத்து மின்சாரம்

திருநெல்வேலியில் பூமியின் காந்தப்புலத்தைக் கிடைமட்டத்தில் அளந்தால் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா இருக்கும். அமைதியான இரவில் அந்த எண் பெரிதாக அசைவதில்லை. பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்குகிறது. காலை பதினொரு மணிவாக்கில் உச்சி தொட்டு, மாலைக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு ஏறுகிறது? சாதாரண நாளில் ஐம்பதிலிருந்து நூறு நானோடெஸ்லா. எண்பது என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஊருக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் நாள்தோறும் பதிவு செய்வது இந்தச் சிறு மேட்டைத்தான்.

மேட்டுக்குக் காரணம் நம் தலைக்கு மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து, அதை மின்கடத்தி ஆக்குகின்றன. வெயிலால் எழும் பெருங்காற்றோட்டங்கள் அந்த மின்கடத்தியைக் காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளும்போது மின்சாரம் பிறக்கிறது. பகல்தோறும் காந்தமுள் லேசாக விலகுவதற்கு மேல்வானத்து மின்னோட்டமே காரணமாக இருக்கலாம் என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-இல் சொன்னார். அந்த மின்கடத்திப் படலமான அயனி மண்டலம் இருப்பதே நிரூபணமாகாத காலம் அது.

காந்த நிலநடுக்கோட்டில் இன்னொரு விசேஷமும் சேர்கிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காகப் படுத்திருக்கின்றன. பகலில் கிழக்கு நோக்கியுள்ள மின்புலம் இந்தக் கோடுகளோடு சேர்ந்து எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. கனமான அயனிகளோ காற்று மூலக்கூறுகளில் மோதி மோதிக் கீழேயே தங்கிவிடுகின்றன. மின்னூட்டம் இப்படி மேலும் கீழுமாகப் பிரிந்ததும், படலத்துக்குள் செங்குத்தாக ஒரு புதிய மின்புலம் உருவாகிறது. முதல் மின்புலத்தைவிடப் பல மடங்கு வலுவான இது எலக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. எலக்ட்ரான்கள் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே பாய்வதாகப் பொருள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அகலத்தில் பூமியின் பகல் பக்கம் நெடுகப் பாயும் இந்த ஓட்டத்துக்கு 1951-இல் சிட்னி சாப்மன் 'எலக்ட்ரோஜெட்' என்று பெயர் வைத்தார். தமிழில் மின்தாரை எனலாம். 1922-இல் பெரு நாட்டின் வான்காயோவில் காந்த ஆய்வகம் தொடங்கியபோதே, அங்கே நண்பகல் மேடு மற்ற ஊர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரமாக இருப்பது தெரிந்துவிட்டது. தென் தமிழ்நாடும் கேரளத்தின் தென்முனையும் இலங்கையும் இந்தத் தாரையின் அடியில் இருக்கின்றன. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதும் இதை ஒட்டித்தான். காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்காகவே அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராக்கெட் அந்த உயரத்தைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஆண்டு முழுவதும், மணிக்கு மணி தாரையைக் கவனிக்கத் தரையிலுள்ள காந்தமானியைத்தான் நம்ப வேண்டும். அதன் பதிவு ஒருபோதும் சுத்தமாக வருவதில்லை. அங்கிருந்துதான் இந்த அறிவியலின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது என்பேன்.

கண்ணுக்கு எளிதில் படும் குறைகள் ஆபத்தில்லாதவை. காந்தமானிக்கு அருகே ஒரு வாகனம் வந்து போனால் வரைகோட்டில் முள் போல ஒன்று எழுந்து மறையும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்சாரத்தின் விளைவு பக்கத்து ஊரிலும் அதே அளவில் தெரிய வேண்டும். எனவே சிறிது தொலைவில் இரண்டாவது காந்தமானியை வைத்து இரண்டையும் கழித்துப் பார்த்தால் வானத்துச் சமாசாரம் மறைந்து வாகனம் மட்டும் அகப்பட்டுக்கொள்ளும். கருவியின் கடிகாரம் பிசகியிருந்தால் அதைத் திருத்த சூரியனே உதவுகிறது. சூரியக் காற்றின் அதிர்வலை பூமியின் காந்தக் கோளத்தை மோதும்போது, உலகெங்கும் காந்தமானிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துள்ளுகின்றன. உங்கள் பதிவில் அந்தத் துள்ளல் நான்கு நிமிடம் தாமதமாக இருந்தால் பிசகு நான்கு நிமிடம்.

ஆபத்தானது வெப்பம். ஃபிளக்ஸ்கேட் காந்தமானியின் அளவு, வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ஒரு நானோடெஸ்லா வரைகூட நகரக்கூடும். காப்பில்லாத கொட்டகையில் பகலில் பத்து டிகிரி ஏறினால் பத்து நானோடெஸ்லா. நாம் தேடும் எண்பதில் எட்டில் ஒரு பங்கு. அதைவிட மோசம் என்னவென்றால், இந்தப் பொய் மேடும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது. அசல் மேட்டின் உருவத்தையே அணிந்து வருகிற பிழை இது. எந்த வடிகட்டியும் இதைப் பிரித்துத் தராது. இயற்பியல்தான் பிரித்துத் தரும். இரவில் அந்த உயரத்தில் எலக்ட்ரான்கள் பெருமளவு மறைந்து, மின்தாரை அநேகமாக நின்றுபோகிறது. ஆனால் கொட்டகை இரவில் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே காந்தப் புயலில்லாத இரவுகளில் வெப்பநிலையோடு சேர்ந்து அளவு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, அந்தக் கருவிக்கே உரிய விகிதத்தைக் கண்டுபிடித்துப் பகல் பதிவிலிருந்து கழித்துவிடலாம். உச்சி நேரமும் கை கொடுக்கும். மின்தாரை பதினொரு மணிக்கு உச்சம் தொடுகிறது. வெயிலின் சூடோ பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும்.

விடுபட்ட தரவு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. நள்ளிரவில் அரை மணி நேரப் பதிவு போயிருந்தால் இரு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்துவிடலாம். அங்கே ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. பத்தரை முதல் பதினொன்றரை வரை போயிருந்தால் அந்தக் கோடு உச்சியையே வெட்டிச் சாய்த்துவிடும். அந்த நாளை விட்டுவிடுவதே நேர்மை. அப்படி விடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இடி மழைக் காலத்து மின்வெட்டுகளால்தான் நாள்கள் விடுபடுகின்றன என்றால், மிஞ்சும் சராசரி ஆண்டு முழுவதையும் குறிக்காது, வறண்ட மாதங்களைத்தான் குறிக்கும்.

இவ்வளவு செய்த பிறகும் கருவியின் பூஜ்யம் எங்கே என்பது உறுதிப்படாது. கண்காணிப்பு நிலையங்களில் காந்தத்தன்மையற்ற தியோடலைட்டையும் புரோட்டான் காந்தமானியையும் கொண்டு அவ்வப்போது முழு அளவை நேரில் எடுத்து, அதை வைத்து அடிமட்டத்தைத் திருத்துகிறார்கள். அந்த வசதி இல்லாத பதிவுகள் ஏராளம். ஆனாலும் மின்தாரையை அறிய முழு அளவு தேவையில்லை. முள் பூஜ்யத்தில் நிற்காத தராசிலும் காலித் தட்டின் எடையைக் குறித்துக்கொண்டு கழித்தால் சரக்கின் எடை சரியாக வந்துவிடுகிறது. இங்கே காலித் தட்டு நள்ளிரவு. அன்றைய பகலிலிருந்து நள்ளிரவு அளவைக் கழித்தால் கருவி பல மாதங்களாகச் சிறுகச் சிறுக நகர்ந்திருந்த பிழையெல்லாம் அடிபட்டுப்போகிறது.

இன்னொரு கழித்தலும் உண்டு. மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள அலிபாக், திருநெல்வேலியிலிருந்து அட்சரேகையில் பத்து டிகிரி வடக்கே, தாரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. காந்தப் புயலின்போது பூமியைச் சுற்றி வளையமாக ஓடும் மின்னோட்டத்தை இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உணர்கின்றன. பகல் பக்கம் முழுவதும் பரவியிருக்கும் பொதுவான மின்னோட்டத்தையும் அப்படித்தான். திருநெல்வேலி கழித்தல் அலிபாக்: எஞ்சுவது மின்தாரை. ஆய்வாளர்கள் இந்தியப் பகுதியின் மின்தாரைக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு இவ்வளவுதான். இதன் எளிமையில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

குறை இல்லாத கணக்கும் அல்ல. அலிபாக் மேற்கே தள்ளியிருப்பதால் அங்கே நண்பகல் ஏறக்குறைய இருபது நிமிடம் தாமதமாக வருகிறது. பொதுவான மின்னோட்டமும் இரண்டு ஊர்களிலும் அச்சாக ஒன்றல்ல. தவிர, வானத்து மின்னோட்டம் மாறும்போது நிலத்துக்குள்ளும் கடலுக்குள்ளும் மின்சாரம் தூண்டப்படுகிறது. இந்தியாவின் தென்முனையில் அது மிகவும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் அந்தத் தூண்டல் மின்னோட்டம் குவிந்து ஓடுவதால், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் போன்ற இடங்களில் செங்குத்துக் காந்தப்புலம் மின்தாரை சொல்கிறபடி கேட்பதில்லை. அங்கே செங்குத்து அளவை வைத்துத் தாரையின் இருப்பிடத்தைக் கணக்கிட்டால் தவறாகப் போகும். நிலவியல் ஆய்வாளருக்கு அதே பதிவு புதையல்.

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், கங்கண சூரிய கிரகணம் தென் தமிழ்நாட்டைக் கடந்தது. அன்று பிற்பகல் மின்தாரை திசை திரும்பி மேற்கே ஓடியதைக் காந்தமானிகள் காட்டின. சூரியன் மறைந்ததால் மின்கடத்தும் திறன் குறைந்து, காற்றோட்டமும் மாறி, தாரை திரும்பியது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் கிரகணம் இல்லாத நாள்களிலும் பிற்பகலில் தாரை திரும்புவதுண்டு. அதை 1962-இல் அடிஸ் அபாபாவின் பதிவுகளில் கண்டறிந்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது அதிகம் நிகழ்கிறது, ஏனென்றால் சந்திரன் கடலில் மட்டுமல்ல, மேல்வானத்துக் காற்றிலும் ஓதம் எழுப்புகிறது. சூரிய கிரகணமோ அமாவாசையன்றுதான் வரும். கிரகணத்தின் பங்கைச் சந்திரனின் பங்கிலிருந்து பிரிக்க வேண்டுமானால், அதே பருவத்து மற்ற அமாவாசைகளின் பதிவுகள் வரிசையாகக் கையில் இருக்க வேண்டும். கருவி எவ்வளவு நுண்ணியதானாலும் ஒரே ஒரு நாளின் பதிவு இதற்குப் பதில் சொல்லாது. சுமாரான கருவியின் இருபதாண்டுப் பதிவு சொல்லும்.

பழைய பதிவுகளின் அருமை மும்பையில் தெரியும். கொலாபா ஆய்வகத்தில் 1859 செப்டம்பர் 2 அன்று காந்தப் புயலின்போது, கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய அளவுகளில் காந்தப்புலம் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. அந்த எண்ணை இன்றைய வழக்கப்படி ஒரு மணி நேரச் சராசரியாக்கினால் சரிவு ஏறக்குறையப் பாதியாகிறது. அந்தச் சரிவு வளைய மின்னோட்டத்தால் வந்ததா, அயனி மண்டல மின்னோட்டத்தின் பங்கும் அதில் உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பின்னாளில் மும்பைக்கு மின்சார டிராம் வந்தபோது அதன் மின்னோட்டம் காந்தப் பதிவைக் கெடுக்கும் என்று கண்டு, 1904-இல் அலிபாகுக்கு மாறினார்கள். மாறிய கையோடு கொலாபாவை மூடவில்லை. 1906 வரை இரண்டையும் சேர்த்து ஓட்டி, இரு ஊர்களின் அளவுகளுக்கும் உள்ள உறவைக் கணித்தார்கள். 1840-களில் தொடங்கிய தொடர் இன்றுவரை அறுபடாமல் வருவதற்கு அந்த இரண்டாண்டுப் பொறுமையே காரணம்.

குறைபட்ட கருவியைக் கொண்டு பெரிய கேள்வி கேட்கும் துணிச்சலுக்கு இன்னொரு சாட்சி விண்வெளியில் இருக்கிறது. இரிடியம் நிறுவனத்தின் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் ஆறு பாதைகளில் 66 எண்ணிக்கையில், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அறிய ஒவ்வொன்றிலும் ஒரு காந்தமானி. ஆராய்ச்சிக்காக வைத்ததல்ல, சில பத்து நானோடெஸ்லாவுக்குக் கீழே அதற்குப் பார்வை இல்லை. நம் மின்தாரையின் மேட்டுக்கு அது உதவாது. ஆனால் துருவப் பகுதிகளில் காந்தக் கோடுகள் வழியே அயனி மண்டலத்துக்கு இறங்கி ஏறும் மின்னோட்டங்கள் பல நூறு நானோடெஸ்லா அசைவை உண்டாக்குகின்றன. ஒரு பாதையில் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு செயற்கைக்கோள் கடந்து போவதால் படம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் இவற்றைத் தொகுத்து, நார்வேயின் பிர்க்லேண்ட் 1908-இல் ஊகித்த மின்னோட்டங்களைத் துருவம் முழுவதற்கும் வரைந்து காட்டுகிறது.

நம் பக்கத்தில் இதே துணிச்சலோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டித் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்தப் பதிவு தொடங்கியது. பதிவாகியுள்ளதிலேயே சூரியப் புள்ளிகள் மிக அதிகமாக இருந்த உச்சமும் அதே காலம்தான். அத்தனை உக்கிரமான சூரியனின் கீழ் மின்தாரை எப்படி ஓடியது என்று சொல்லக்கூடியவை அந்தக் காலத்துப் புகைப்படத் தாள்களே. அவற்றை ஸ்கேன் செய்யும்போது கோட்டை மட்டும் எண்ணாக்கினால் போதாது. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நானோடெஸ்லா என்ற அளவுகோல், அன்றைய அடிமட்டம், வெப்பநிலை, விளக்கு அணைந்தது, தாள் நழுவியது என்று கண்காணிப்பாளர் ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகிய எல்லாமே கூடவே வர வேண்டும். திருத்திய எண்கள் தனிக் கோப்பில் இருக்கட்டும். தாளில் இருந்தது எந்தக் கறையோடு இருந்ததோ அந்தக் கறையோடு இன்னொரு கோப்பில் இருக்க வேண்டும்.