சிலை உயர்ந்தது, குதிரை குறைந்தது

புதுதில்லி: இம்பாலை அடுத்த ஹெய்ங்காங் குன்றின் மீது, குதிரையேறிப் போலோ ஆடும் வீரனின் சிலை சுமார் 120 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. 2023 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அதைத் திறந்துவைத்தார். அந்த வீரனைச் சுமக்கும் மணிப்பூர் மட்டக்குதிரையின் கதையோ வேறு. 2003-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த அதன் எண்ணிக்கை, 2012-ல் 1,101 ஆகவும் 2019-ல் 1,089 ஆகவும் சுருங்கியது.

பதினொன்றிலிருந்து பதின்மூன்று கை உயரமே கொண்ட சிறிய குதிரை இது. ஒரு கை என்பது 4 அங்குலம். உருவம் சிறிதாயினும் உரம் மிக்கது. இதன் முதுகில் அமர்ந்தே மெய்தெய் வீரர்கள் 'அரம்பை' எனும் எறியம்பை வீசி பர்மியப் படைகளை எதிர்கொண்டனர். 'சகோல் காங்ஜெய்' என்ற மணிப்பூரிகளின் ஆட்டத்தைக் கண்டு கற்ற ஆங்கிலேயர்கள், 1859-ல் கசார் மாவட்டத்துச் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தனர். இன்று உலகெங்கும் செல்வந்தர்கள் ஆடும் போலோவின் வேர் அங்கேதான் உள்ளது.

இந்தக் குதிரையைக் கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்ப்பது மணிப்பூர் வழக்கமன்று. ஆட்டமில்லாத நாள்களில் சதுப்பு நிலங்களில் மேய விட்டுவிடுவார்கள். குதிரையின் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. ஆகவே நாளின் பெரும்பகுதியும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. அந்த வகையில் திறந்த மேய்ச்சலே அதற்கு உகந்த பராமரிப்பாக இருந்தது. குளம்பில் அப்பிய சேற்றை நீக்குவது, வளர்ந்த குளம்பைச் செதுக்குவது, காயம் உண்டா என்று கால்களைத் தடவிப் பார்ப்பது ஆகியவையே உரிமையாளரின் பொறுப்பு.

அந்தச் சதுப்பு நிலங்கள்தாம் இப்போது இல்லை. லாம்பேல்பட் போன்ற ஈரநிலங்களைக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. மேய இடமின்றிச் சாலைக்கு வரும் குதிரைகள் வாகனங்களில் அடிபடுகின்றன. குப்பைமேட்டில் உணவோடு பிளாஸ்டிக் பைகளையும் தின்கின்றன. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. குடலில் பை அடைத்துக்கொண்டால் கடும் வயிற்றுவலியில் புரண்டு மடிய வேண்டியதுதான்.

மணிப்பூர் அரசு 2016-ல் மட்டக்குதிரைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுத்தது. 2023 மே மாதம் மூண்ட இன மோதலில் மனிதர்களே வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்த மாநிலத்தில், குதிரைகளுக்கான கோரிக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டதில் வியப்பில்லை.

தில்லியைப் பொறுத்தவரை, கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனினும் 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, ஒட்டகம் வளர்ப்போருக்கும் 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ரூ.50 லட்சம் வரை, வழங்க முடிவு செய்தது. நாட்டில் குதிரைகளின் மொத்த எண்ணிக்கை 2012-க்கும் 2019-க்கும் இடையே 6 லட்சத்திலிருந்து 3.4 லட்சமாகச் சரிந்ததைப் பார்த்தால், இது தாமதமான முடிவுதான்.

பெரிய பண்ணை வைப்போருக்கு இந்த மானியம் கைகொடுக்கலாம். ஆனால் பாலும் தராத, ஏரும் உழாத ஒன்றிரண்டு குதிரைகளைப் பரம்பரைப் பற்றினால் மட்டுமே வைத்திருக்கும் இம்பால் குடும்பத்துக்குத் தேவை மூலதனமல்ல, புல்வெளி. அதை ஒதுக்கித் தரவேண்டியது மாநில அரசின் வருவாய்த் துறை.